நோயாளி இல்லாமல் நெஞ்சு எக்ஸ்ரே: கணினி மாதிரியில் முதல் பயிற்சி

பழகுவதற்காக மட்டும் ஒருவர் உடலில் கதிர்வீச்சைச் செலுத்துவது ஏற்கத்தக்கதன்று. ஆனால், தவறு செய்து பார்க்காமல் இந்தத் தொழிலைக் கற்பதும் கடினம். கணினி மாதிரியில் அந்தத் தவறுகளைத் துணிந்து செய்யலாம். நெஞ்சு எக்ஸ்ரேயை மட்டும் எடுத்துக்கொண்டு, புதிய மாணவரைப் பழக்கும் முறையை இங்கே விளக்குகிறேன்.

படி 1: மென்பொருள்

கே.வி. (கதிரின் ஊடுருவும் வலிமையைத் தீர்மானிக்கும் மின்னழுத்தம்), எம்.ஏ.எஸ். (கதிரின் அளவைத் தீர்மானிப்பது), டியூப்பின் (கதிரை உண்டாக்கும் குழாயின்) தூரம், கதிர் விழும் பரப்பு ஆகிய நான்கையும் மாற்ற முடிவதோடு, ஒவ்வொரு படத்துடனும் டோஸ் (நோயாளி பெறும் கதிர்வீச்சு) அளவைக் காட்டும் மென்பொருளே பயிற்சிக்கு ஏற்றது. டோஸைக் காட்டாததைத் தவிர்த்துவிடுங்கள். சில மென்பொருள்கள் நேர்க்கதிரை மட்டுமே கணக்கிடும். உடலில் பட்டுத் திசைமாறும் சிதறலும் கணக்கிடப்படுகிறதா என்று முன்பே பாருங்கள்.

படி 2: நோயாளியை நிறுத்துதல்

திரையில் இருப்பவர் கற்பனை நோயாளிதான் என்றாலும், பெயரைப் பரிந்துரைச் சீட்டுடன் ஒப்பிடுவதையும், பெண்ணாயின் கருவுற்றிருக்க வாய்ப்புண்டா என்று கேட்பதையும் விட்டுவிடக் கூடாது. மார்பு டிடெக்டரை (கதிரைப் பதிந்து படமாக்கும் பலகையை) ஒட்டியிருக்க, முதுகுப் பக்கமிருந்து கதிர் வருமாறு டியூப்பை 180 செ.மீ. தூரத்தில் வையுங்கள். இதயம் முன்பக்கமாக அமைந்திருப்பதால், இந்த நிலையில் அதன் நிழல் அதிகம் பெரிதாகாது. தோள்களை முன்னுக்குத் தள்ளச் செய்தால், தோள்பட்டை எலும்புகள் நுரையீரலை மறைக்காமல் விலகும். "மூச்சை நல்லா இழுத்துப் பிடிங்க" என்பதை மாணவர் வாய்விட்டே சொல்லட்டும்.

படி 3: வேண்டுமென்றே ஒரு தவறு

இதற்கே அதிக நேரம் ஒதுக்குங்கள். மாதிரியில் 120 கே.வி., 2 எம்.ஏ.எஸ். என்பதைச் சரியான அளவாக அமைத்து ஒரு படமும், கே.வி.யை மாற்றாமல் 4, 8 எம்.ஏ.எஸ். அளவுகளில் மேலும் இரண்டு படங்களும் எடுக்கச் செய்து, எது சிறந்தது என்று கேளுங்கள். ஃபிலிம் காலத்தில் அளவு மீறினால் படம் கறுத்துப்போய்த் தவற்றைக் காட்டிக்கொடுத்தது. டிஜிட்டல் முறையிலோ கணினியே கறுப்பு வெள்ளையைச் சரிசெய்துவிடுவதால், மூன்றாம் படம் புள்ளிகள் குறைந்து இன்னும் தெளிவாகத் தெரியும்; மாணவரும் பெரும்பாலும் அதையே தேர்ந்தெடுப்பார். அதன் பிறகு டோஸைக் காட்டுங்கள்: முதல் படத்தைப் போல் நான்கு மடங்கு. டீவியேஷன் இண்டெக்ஸ் (டிடெக்டரில் விழுந்த கதிர் சரியான அளவிலிருந்து எவ்வளவு விலகியது என்று காட்டும் எண்) 0, +3, +6 என்று ஏறியிருப்பதையும் கவனிக்கச் சொல்லுங்கள். டிடெக்டரில் விழும் கதிர் இரட்டிக்கும்போதெல்லாம் அந்த எண் 3 கூடும். படத்தைப் பார்க்குமுன் அந்த எண்ணைப் பார்க்கும் பழக்கம் இங்கேயே படிய வேண்டும்.

படி 4: நாம் நிற்கும் இடம்

படுக்கையருகே எடுக்கும் எக்ஸ்ரேக்கு மாதிரியை மாற்றுங்கள். ஊழியர்மேல் படும் கதிரில் பெரும்பகுதி நோயாளியின் உடலிலிருந்து சிதறி வருவதே. 1 மீட்டரிலிருந்து 2 மீட்டருக்கு விலகினால் அது ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காகிவிடும். ஊழியர் அணியும் கதிர் அளவியான டி.எல்.டி. பேட்ஜின் கணக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும். எந்த நாளில், எங்கே நின்றதால் கூடியது என்பதை அது சொல்லாது. மாதிரியில் அந்த நொடியே தெரியும். கதிர் விழும் பரப்பை அகலமாக்கியும் ஒருமுறை பாருங்கள், சிதறல் கூடும்.

படி 5: உண்மையான அறைக்கு

தொடர்ந்து மூன்று முறை சரியாகச் செய்தவரை முதலில் ஃபேண்டம் உருவத்திலும் (மனித உடலுக்குப் பதிலாக வைக்கும் மாதிரிப் பொம்மை), பிறகு மூத்தவர் கண்காணிப்பில் நோயாளியிடமும் அனுப்புங்கள். நிற்கவே முடியாமல் தள்ளாடும் முதியவரைத் தாங்கி நிறுத்துவது திரையில் பழக முடியாதது. அதை மூத்தவர் அருகிலிருந்துதான் கற்க வேண்டும்.