வீட்டில் செய்த ஃபஸ் பெடலில் பழுது பார்த்தல்

கிட்டாரின் ஒலியைக் கரகரப்பாக்கும் ஃபஸ் பெடலை மிதித்தும் ஒலி வரவில்லை என்றால் உடனே சால்டரிங் அயர்னைக் கையில் எடுக்க வேண்டாம். முதலில் பைபாஸ் நிலையில், அதாவது ஃபஸ் சர்க்யூட்டைத் தவிர்த்து ஒலி நேராகக் கடந்து செல்லும் நிலையில், கிட்டாரின் ஒலி ஆம்ப்ளிஃபயரை எட்டுகிறதா என்று பாருங்கள். எட்டவில்லையெனில், பழுது பெரும்பாலும் ஜாக்குகளிலோ கால் சுவிட்சின் இணைப்புகளிலோதான் இருக்கும்.

பைபாஸ் சரியாக இருந்தால், மல்டிமீட்டரின் கறுப்பு முனையைக் கிரவுண்டில் வைத்து, டிரான்சிஸ்டர்களின் கால்களை ஒவ்வொன்றாக அளக்க வேண்டும். 9 வோல்ட் பேட்டரியில் இயங்கும், இரண்டு என்பிஎன் வகைச் சிலிக்கான் டிரான்சிஸ்டர்கள் கொண்ட, ஃபஸ் ஃபேஸ் என்ற பிரபல பெடலின் பாணியிலான சர்க்யூட்டில், இரண்டாவது டிரான்சிஸ்டரின் கலெக்டர் என்ற காலில் ஏறத்தாழ 4.5 வோல்ட் இருக்க வேண்டும். அங்கே முழு 9 வோல்ட்டும் தெரிந்தால், அந்த டிரான்சிஸ்டர் மின்னோட்டத்தைக் கடத்தவில்லை என்று பொருள். கால்கள் இடம் மாறியிருக்கலாம். தட்டையான முகம் நம்மைப் பார்க்க, கால்கள் கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்தால், பிசி547 என்ற டிரான்சிஸ்டரில் இடமிருந்து வலமாகக் கலெக்டர், பேஸ், எமிட்டர் என்றும், 2என்3904 என்ற டிரான்சிஸ்டரில் அதற்கு நேர்மாறாகவும் அமைந்திருக்கும். ஒன்றுக்குப் பதிலாக மற்றதைத் திருப்பாமல் செருகிவிட்டு, ஒரு மாலைப்பொழுது முழுவதையும் நான் வீணடித்திருக்கிறேன்.

அளவுகள் சரியாக இருந்தும் ஒலி வராவிட்டால், ஆம்ப்ளிஃபயருக்குச் செல்லும் கம்பியின் நுனியில் 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றைப் பற்றவைத்து, கிட்டாரை யாரையாவது மீட்டச் சொல்லி, உள்ளீட்டிலிருந்து ஒவ்வொரு இணைப்பாகத் தொட்டுக்கொண்டே செல்லுங்கள். ஒலி எங்கே நிற்கிறதோ, அதற்குச் சற்று முன்னால்தான் பழுது இருக்கிறது. ஒலி வந்தும் திக்கித் திணறி அறுந்துபோனால், சர்க்யூட்டில் உள்ள டிரிம்பாட்டை (திருகித் திருப்பும் சிறிய மாறு மின்தடையை) திருப்பிக் கலெக்டர் வோல்ட்டேஜைச் சரிசெய்தாலே பெரும்பாலும் போதும்.