கூட்டுறவுத் தொழில்: தொடங்கும்போதும் வளரும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு தொழிலை அதில் உழைப்பவர்களோ, அதற்குச் சரக்கு கொடுப்பவர்களோ, அதிலிருந்து வாங்குபவர்களோ சேர்ந்து சொந்தமாக வைத்து நடத்தினால் அது கூட்டுறவு. தொடங்குவதைவிட, பல வருடங்கள் அதைக் கூட்டுறவாகவே வைத்திருப்பதுதான் கடினம். போட்டியில் தோற்று மூடப்பட்ட கூட்டுறவுகள் நிறைய உண்டு. நல்ல லாபத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போதே கூட்டுறவுத் தன்மையை இழந்தவையும் உண்டு. எனக்கு அதிக வருத்தம் தருவது இந்த இரண்டாவது வகைதான். ஏனென்றால் அதைப் பெரும்பாலும் முன்கூட்டியே தடுத்திருக்க முடியும். தொடக்கத்தில் துணைவிதிகளில், அதாவது சங்கம் தனக்கென்று எழுதிக்கொள்ளும் விதிகளில், எழுதிய ஒரு வரியிலோ, எழுதாமல் விட்ட ஒரு வரியிலோதான் அதன் காரணம் இருக்கிறது.

எந்தக் கூட்டுறவைப் பார்த்தாலும் மூன்று கேள்விகள் கேளுங்கள். அதை யார் பயன்படுத்துகிறார்கள்? யார் முடிவெடுக்கிறார்கள்? செலவு போக மிஞ்சும் உபரி யாருக்குப் போகிறது? மூன்றுக்கும் ஒரே ஆட்கள் பதிலாக வந்தால் அது கூட்டுறவு. கீழே சொல்லும் தவறுகள் எல்லாமே அந்த மூன்று பதில்களும் மெல்ல மெல்ல வேறு வேறு ஆட்களாகப் பிரிந்துபோகும் வழிகள்.

பணம் மட்டும் போட்டவருக்கு வாக்குரிமை கொடுப்பது

இங்கிலாந்தின் ராச்டேல் நகரத்தில் 1844-ல் நெசவாளர்களும் மற்ற கைத்தொழிலாளர்களுமாக 28 பேர் ஆளுக்கு ஒரு பவுண்டு போட்டு, 28 பவுண்டு மூலதனத்தில் ஒரு கடை திறந்தார்கள். எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஒருவருக்கு ஒரு வாக்கு. போட்ட பணத்துக்கு ஒரு வரம்புக்கு உட்பட்ட வட்டி. மீதி உபரி, அவரவர் வாங்கிய சரக்கின் அளவுக்கு ஏற்பத் திரும்பக் கிடைக்கும். இன்றும் உலகம் முழுக்கக் கூட்டுறவுகள் பின்பற்றும் கொள்கைகளுக்கு இதுதான் வேர்.

இந்தக் கதையை எல்லோரும் சொல்வார்கள். அதே வட்டத்தைச் சேர்ந்தவர்கள் 1854-ல் தொடங்கிய பருத்தி ஆலையைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. அந்த ஆலையில் மூலதனம் போட்டவர்களுக்கு மட்டுமல்லாமல் உழைத்தவர்களுக்கும் லாபத்தில் பங்கு உண்டு என்று விதி வைத்தார்கள். தொழில் வளர்ந்தது, விரிவாக்கப் பணம் வேண்டியிருந்தது. அதனால் ஆலையில் வேலை செய்யாத பலரைப் பங்குதாரர்களாகச் சேர்த்தார்கள். எண்ணிக்கையில் அவர்கள் மிஞ்சியதும், 1862-ல் வாக்கெடுப்பு நடத்தித் தொழிலாளர்களின் லாபப் பங்கை நீக்கிவிட்டார்கள். யாரும் ஏமாற்றவில்லை, எல்லாம் முறைப்படிதான் நடந்தது. விதியே அதற்கு இடம் கொடுத்திருந்தது.

வெளிப்பணம் வாங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. கடனாக வாங்குங்கள். அல்லது வாக்குரிமை இல்லாத, வருமானத்துக்கு உச்சவரம்பு வைத்த பங்காக வாங்குங்கள். பணம் போடுபவருக்கு நியாயமான வட்டி உண்டு, சட்டபூர்வமான பாதுகாப்பும் உண்டு. உறுப்பினர்கள் எல்லோரும் கூடும் பேரவையில் கை தூக்கும் உரிமை மட்டும் தொழிலைப் பயன்படுத்துபவர்களிடமே இருக்கட்டும்.

கையில் முதல் இல்லாமல் இறங்குவது, வந்த உபரியை முழுக்கப் பிரித்துக்கொள்வது

இவை இரண்டும் ஒரே பழக்கத்தின் இரண்டு முகங்கள். "எல்லோரும் சேரட்டும்" என்ற நல்ல எண்ணத்தில் பங்குத் தொகையைப் பெயரளவுக்கு வைப்பார்கள். மானியமோ நன்கொடையோ வரும் என்ற நம்பிக்கையில் இயந்திரம் வாங்குவார்கள். மானியத்துக்காகவே பதிவு செய்யப்படும் சங்கங்கள் மானியம் தீர்ந்ததும் ஓய்ந்துவிடுகின்றன, அதில் அதிகம் விளக்க எதுவுமில்லை. தன் கையிலிருந்து ஒன்றும் போடாத உறுப்பினர், கணக்கு எப்படிப் போகிறது என்று கேட்க வருவதும் அபூர்வம்.

அப்புறம் முதல் நல்ல வருடம் வரும். பல வருடம் கஷ்டப்பட்ட உறுப்பினர்கள் உபரியைப் பிரித்துக் கொடுக்கச் சொல்வார்கள். அந்தக் கோரிக்கையில் தப்பில்லை. ஆனால் மொத்தத்தையும் பிரித்துவிட்டால், அடுத்த மோசமான வருடத்தில் வட்டிக்கு வாங்க வேண்டியிருக்கும். கடன் ஏறினால் முடிவெடுக்கும் அதிகாரம் கடன் கொடுத்தவரின் மேசைக்குப் போய்விடும்.

ஸ்பெயினின் பாஸ்க் பகுதியில் 1956-ல் ஒரு சிறிய பட்டறையாகத் தொடங்கி வளர்ந்த மோண்ட்ராகன் கூட்டுறவுகள் இதற்கு ஒரு நல்ல வழி கண்டுபிடித்தன. சேரும் ஒவ்வொரு தொழிலாளியும் ஒரு கணிசமான நுழைவுத் தொகை போட வேண்டும். சம்பளத்திலிருந்து சிறுகச் சிறுகக் கட்டலாம். வருட உபரியில் ஒரு பகுதி யாருக்கும் பிரிக்க முடியாத பொதுக் காப்பு நிதிக்குப் போகும். ஒரு பகுதி கல்விக்கும் சமூக வேலைகளுக்கும். மீதி அவரவர் பெயரில் உள்ள மூலதனக் கணக்கில் வரவு வைக்கப்படும். வேலையை விடும்போதோ ஓய்வு பெறும்போதோதான் அந்த மூலதனத்தைக் கையில் எடுக்கலாம். நஷ்டம் வந்தால் அதே கணக்கில் கழிக்கப்படும். பணம் தொழிலுக்குள்ளேயே சுழல்கிறது, தனக்கு எவ்வளவு இருக்கிறது என்பதும் ஒவ்வொருவருக்கும் தெரிகிறது.

இதிலும் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஒன்றாகச் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் ஒன்றாகவே ஓய்வு பெறுவார்கள். அந்த வருடம் எல்லோருடைய கணக்கையும் ஒரே நேரத்தில் தீர்க்க வேண்டி வந்தால், நன்றாக ஓடும் தொழிலும் தள்ளாடும். சில வருடத் தவணைகளில் திருப்பித் தரலாம் என்று துணைவிதியில் முதலிலேயே எழுதிவிடுங்கள்.

வெற்றி வந்ததும் கதவைச் சாத்துவது

தொழிலாளர் கூட்டுறவுகளைப் பொறுத்தவரை இதுதான் மிகப் பெரிய ஆபத்து என்று நினைக்கிறேன். தோல்வியில் யாரும் இதைச் செய்வதில்லை, வெற்றியில்தான் செய்கிறார்கள்.

அமெரிக்காவின் வடமேற்குக் கரையில் தொழிலாளர்களே சொந்தமாக நடத்திய பிளைவுட் ஆலைகள் பல இருந்தன. முதலாவது 1921-ல் தொடங்கிய ஒலிம்பியா வெனீர். ஆலைகள் நன்றாக ஓடின. பங்கின் மதிப்பும் ஏறியது. பங்கை விற்று வாங்கலாம் என்பதால், ஓய்வு பெறுபவர் தன் பங்குக்கு நல்ல விலை எதிர்பார்த்தார். வேலைக்கு வரும் இளைஞரால் அந்த விலையைக் கொடுக்க முடியவில்லை. இருக்கும் உறுப்பினர்களுக்கும் புதியவர்களைச் சேர்ப்பதில் ஆர்வமில்லை, ஏனென்றால் ஒவ்வொரு புது உறுப்பினரும் லாபத்தில் இன்னொரு பங்கு. கூலிக்கு ஆள் வைத்துக்கொள்வது சுலபமாகத் தெரிந்தது. ஒலிம்பியா வெனீரில் காலப்போக்கில் உறுப்பினர்கள் குறைந்துகொண்டே போய், கூலிக்கு உழைப்பவர்கள் பெருகினார்கள். 1954-ல் அது யுனைடெட் ஸ்டேட்ஸ் பிளைவுட் என்ற பெரிய கம்பெனிக்கு விற்கப்பட்டது. சில பேருக்கு நல்ல தொகை கிடைத்தது, ஒரு கூட்டுறவு போய்விட்டது.

இங்கே பிரச்சினை பேராசை மட்டும் என்று சொல்லிவிட முடியாது. வயதான ஒரு தொழிலாளி தன் வாழ்நாள் உழைப்புக்கு விலை கேட்பது நியாயம்தானே. வாக்குரிமையும் சொத்து மதிப்பும் ஒரே பங்கில் கட்டப்பட்டதுதான் சிக்கல். அந்த இரண்டையும் பிரித்து வையுங்கள். உறுப்பினர் உரிமை விற்கப்படக் கூடாது. வேலையில் சேரும்போது கிடைத்து, விலகும்போது முடிந்துவிட வேண்டும். சேமித்த மூலதனம் தனிக் கணக்கில் இருக்க வேண்டும். அதைச் சங்கம் திருப்பித் தர வேண்டும், அடுத்து வருபவர் விலை கொடுத்து வாங்கக் கூடாது. கூடவே இரண்டு விதிகள் வையுங்கள்: குறிப்பிட்ட சோதனைக் காலம் முடித்த ஒவ்வொருவருக்கும் உறுப்பினராக விண்ணப்பிக்கும் உரிமை உண்டு, உறுப்பினர் அல்லாத ஊழியர்கள் மொத்தத்தில் இத்தனை சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

மோண்ட்ராகன்கூட இந்த இடத்தில் தப்பவில்லை. வெளிநாடுகளில் அது தொடங்கிய துணை நிறுவனங்களின் ஊழியர்கள் பெரும்பாலும் உறுப்பினர்களாக இல்லை. அதன்மேல் நீண்ட காலமாக உள்ள விமர்சனம் இது, நியாயமான விமர்சனம்.

எல்லோரும் எல்லாவற்றையும் முடிவெடுப்பது, இல்லையென்றால் யாருமே முடிவெடுக்காதது

புதிய சங்கங்களில் ஒரு நாற்காலி வாங்குவதற்குக்கூடக் கூட்டம் போடுவார்கள். சில மாதங்களில் களைப்பு வரும், கூட்டத்துக்கு வருபவர்கள் குறைவார்கள். பிறகு எல்லா அதிகாரமும் சத்தமில்லாமல் இரண்டு மூன்று பேரிடம் போய்ச் சேரும். எந்த முடிவு யாருக்கு உரியது என்பதை எழுத்தில் பிரித்துக்கொண்டால் இது நடக்காது. விதித் திருத்தம், உபரிப் பங்கீடு, பெரிய கடன், நிர்வாகக் குழுத் தேர்தல் ஆகியவை பேரவைக்கு. திட்டமும் மேற்பார்வையும் மேலாளர் நியமனமும் நிர்வாகக் குழுவுக்கு. அன்றாட வேலை மேலாளருக்கு. தொழிலாளர் கூட்டுறவில், உரிமையாளர் என்ற முறையில் மேலாளரைக் கேள்வி கேட்கும் அதே ஆள், வேலை நேரத்தில் அவர் சொல்வதைக் கேட்க வேண்டியவர். இந்த இரட்டை நிலை உரசலைக் கொண்டுவரும். அதனால் தொழிலாளர் குறைகளைப் பேசவே தனியாக ஒரு குழு வேண்டும். மோண்ட்ராகனில் அதற்கென்று சமூகக் குழு இருக்கிறது.

நல்லவரா என்று மட்டும் பார்த்து நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுப்பது அடுத்த தவறு. பிரிட்டனின் கோ-ஆபரேட்டிவ் வங்கி 2009-ல் பிரிட்டானியா என்ற வீட்டுக் கடன் சங்கத்தைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. 2013-ல் அந்த வங்கியின் மூலதனத்தில் 1.5 பில்லியன் பவுண்டு பள்ளம் இருப்பது வெளியே வந்தது. வங்கியை முழுசாக வைத்திருந்த கோ-ஆபரேட்டிவ் குழுமம் பெரும்பான்மை உரிமையை இழந்தது. அதன் பிறகு குழுமத்தின் நிர்வாகத்தை ஆராய்ந்த பால் மைனர்ஸ், இவ்வளவு பெரிய தொழிலை மேற்பார்வை செய்யும் திறமையும் அனுபவமும் அந்த இயக்குநர்கள் குழுவில் இல்லை என்று 2014-ல் வெளிப்படையாகச் சொன்னார்.

இதற்குத் தேர்தலைக் குறைப்பது மருந்தாகாது. தேர்தலில் நிற்கும் முன்பே கணக்குப் பயிற்சி கொடுங்கள். குழுவில் ஒன்றிரண்டு வெளி வல்லுநர்களை வைத்துக்கொள்ளுங்கள். இருப்புநிலைக் குறிப்பை எல்லோருக்கும் புரியும் வார்த்தையில் விளக்கச் சொல்லுங்கள். ராச்டேல்காரர்கள் தங்கள் உபரியில் 2.5 சதவீதத்தைக் கல்விக்கு ஒதுக்கினார்கள். வருமானம் குறைந்த வருடத்தில் எல்லோரும் முதலில் வெட்டுவது இந்தச் செலவைத்தான், அதுதான் எனக்குப் புரியவே இல்லை.

உற்பத்தியாளர் சங்கங்களில்: சரக்குக்கும் பணத்துக்கும் தெளிவான கணக்கு இல்லாதது

விளைவிப்பவர்கள் சேர்ந்து நடத்தும் சங்கம் சரக்கு வரத்தை நம்பித்தான் ஆலை கட்டுகிறது, ஒப்பந்தம் போடுகிறது. சந்தையில் விலை ஏறும்போது உறுப்பினர் வெளி வியாபாரிக்கு விற்றுவிட்டு, விலை இறங்கும்போது மட்டும் சங்கத்துக்கு வந்தால் எந்தச் சங்கமும் தாங்காது. உறுப்பினரைக் குறை சொல்லும் முன், சங்கம் எத்தனை நாளில் பணம் கொடுக்கிறது என்று பாருங்கள். கையில் காசு வாங்கிக்கொண்டு போகலாம் என்னும்போது, மாதக்கணக்கில் காத்திருக்க யாரால் முடியும்?

1946-ல் குஜராத்தின் கைரா மாவட்டத்தில் பதிவான பால் உற்பத்தியாளர் ஒன்றியம், பின்னாளில் அமுல் என்று அறியப்பட்டது. திரிபுவன்தாஸ் படேலின் தலைமையும் 1949-ல் ஆனந்த் ஊருக்கு வந்த வர்கீஸ் குரியனின் நிர்வாகமும் பேசப்படும் அளவுக்கு, கிராமச் சங்கத்தின் எளிய நடைமுறை பேசப்படுவதில்லை. ஊற்றிய பாலை அளந்து, கொழுப்புச் சத்தைச் சோதித்து, தரத்துக்கு ஏற்ற விலையைத் தாமதமில்லாமல் கொடுத்தார்கள். தண்ணீர் கலந்த பாலுக்கும் கெட்டியான பாலுக்கும் ஒரே விலை என்றால் நல்ல பால் ஊற்றுபவர்தான் முதலில் விலகிப்போவார். முதல் தொகையை உடனே கொடுத்துவிட்டு, வருட முடிவில் கொடுத்த சரக்கின் அளவுக்கு ஏற்ப இரண்டாம் தொகை கொடுங்கள். வெளியே விற்கும் ஆசையை அபராதத்தைவிட இதுதான் நன்றாகக் குறைக்கும்.

நஷ்டத்தைத் தள்ளிப்போடுவது

மோண்ட்ராகனின் மூத்த நிறுவனம் வீட்டு உபயோகப் பொருட்கள் செய்த ஃபாகோர். 2005-ல் பிரான்சின் பிராண்ட் நிறுவனத்தைக் கடன் வாங்கி வாங்கியது. 2008-க்குப் பிறகு ஸ்பெயினில் வீடு கட்டும் தொழில் சரிய, அடுப்பும் குளிர்பெட்டியும் விற்கவில்லை. சகோதரக் கூட்டுறவுகள் பல வருடம் கைகொடுத்தன. கடைசியில் அவையும் இனி முடியாது என்று சொல்ல, 2013-ல் ஃபாகோர் திவாலானது. பல உறுப்பினர்களுக்கு மற்றக் கூட்டுறவுகளில் வேலை கிடைத்தது. தனியார் கம்பெனி மூடும்போது இது நடக்காது. ஆனால் வேலையும் மூலதனக் கணக்கும் போதாதென்று, சேமிப்பையும் அதே நிறுவனத்தின் பத்திரங்களில் போட்டிருந்தவர்கள் மொத்தமாக இழந்தார்கள். உறுப்பினரின் ஓய்வுக்காலச் சேமிப்பை அவர் வேலை செய்யும் சங்கத்திலேயே போடச் சொல்லாதீர்கள். எத்தனை காலாண்டு நஷ்டம் வந்தால் பேரவையைக் கூட்ட வேண்டும் என்பதையும் முன்பே எழுதி வையுங்கள்.

கலைப்பு விதியைப் படிக்காமல் விடுவது

பல தலைமுறை சேர்த்த காப்பு நிதி பெரிதாகும்போது, "இதைப் பங்கு போட்டால் ஆளுக்கு எவ்வளவு வரும்?" என்று ஒருவர் கணக்குப் போடுவார். பிரிட்டனில் வீட்டுக் கடன் சங்கங்கள் பலவற்றில் இதுதான் நடந்தது. 1989-ல் அபே நேஷனலில் தொடங்கி, உறுப்பினர்கள் இலவசப் பங்குகளுக்காக, சங்கத்தைப் பங்குதாரர்களின் வங்கியாக மாற்ற வாக்களித்தார்கள். 1997-ல் அப்படி மாறிய நார்தர்ன் ராக், 2007-ல் பணம் எடுக்க மக்கள் வரிசையில் நிற்கும் நிலைக்கு வந்து, 2008-ல் அரசுடைமையானது. அப்படி மாறியவற்றில் ஒன்றுகூட இன்று தனித்த வங்கியாக இல்லை. அந்தக் காப்பு நிதியைச் சேர்த்தவர்களில் பெரும்பாலோர் வாக்களித்தவர்களுக்கு முந்தைய தலைமுறைகள். அவர்களைக் கேட்க யாரும் இல்லை.

இத்தாலியில் வரிச்சலுகை பெறும் கூட்டுறவின் காப்பு நிதியை உறுப்பினர்கள் பிரித்துக்கொள்ள முடியாது. சங்கம் கலைந்தால் மிச்சம் கூட்டுறவு வளர்ச்சி நிதிக்குப் போகும். 1992-லிருந்து ஒவ்வொரு கூட்டுறவும் வருட உபரியில் 3 சதவீதத்தை அந்த நிதிகளுக்குக் கொடுக்கிறது. உங்கள் நாட்டுச் சட்டம் இதைக் கட்டாயமாக்கவில்லை என்றாலும், சட்டம் தடுக்காத இடத்தில் துணைவிதியில் நீங்களே எழுதிக்கொள்ளலாம். நிதி சிறியதாக இருக்கும் முதல் வருடத்திலேயே எழுதிவிடுங்கள். அந்த நேரத்தில் யாரும் எதிர்க்க மாட்டார்கள்.