எட்டு லைட்டும் எரிகிறது, நெட் மட்டும் வரவில்லை: கேபிள் டெஸ்டர் பழகலாம்

இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், ஆபீசிலிருந்து கொழுந்து மடுவம் (பறித்த கொழுந்தை நிறுக்கிற கொட்டகை) வரை நெட்வொர்க் கேபிள் ஒன்று இழுத்துக் கொடுத்திருந்தேன். 60 மீட்டர் இருக்கும். தேயிலைச் செடிகளுக்கு அடியால் போகிற கேபிள். ஒரு நாள் நெட் நின்றுவிட்டது. ரவுட்டரை நாலைந்து தரம் அணைத்துப் போட்டார்கள், கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு டவுனுக்குக்கூடப் போய் வந்தார்கள். நான் போய் டெஸ்டரை, அதாவது கேபிளின் கம்பிகள் முனைக்கு முனை போகிறதா என்று விளக்கு எரிந்து காட்டுகிற பெட்டியை, செருகினேன். மறுமுனையில் ஒரு விளக்குகூட எரியவில்லை. கேபிள் போன வழியே நடந்து பார்த்தால், முந்தின நாள் கவ்வாத்து வெட்டிய (தேயிலைச் செடியைக் கத்தரித்த) மலையில் செடியோடு சேர்த்துக் கேபிளுக்கும் கவ்வாத்து நடந்திருந்தது.

அன்றைக்கே டெஸ்டர் ஒன்று வாங்கி வைக்கச் சொன்னேன், வாங்கினார்கள். அடுத்த மாதம் அங்கிருந்து போன்: "அண்ணே, எல்லா லைட்டும் எரியுது, ஆனா நெட் விட்டு விட்டு வருது. இப்ப என்ன செய்ய?" அந்தத் தம்பிக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

பெட்டியைத் திறந்தால்

டெஸ்டர் என்பது இரண்டு துண்டு. பற்றரியும் சுவிட்சும் உள்ளது பெரிய பெட்டி, பற்றரி இல்லாதது சிறிய பெட்டி. இரண்டிலும் 1 முதல் 8 வரை விளக்குகள், ஓரத்தில் 'ஜி' என்று இன்னொன்று. நெட்வொர்க் கேபிளுக்குரிய ஆர்ஜே45 துளையும், டெலிபோன் வயருக்குரிய சிறிய ஆர்ஜே11 துளையும் தனித்தனியாக இருக்கும். 'ஜி' எரிவது உள்ளே உலோகக் கவசம் சுற்றிய கேபிளுக்கு மட்டும்தான். சாதாரணக் கேபிளில் அது எரியாது, பயப்பட வேண்டாம்.

பெரும்பாலானவற்றுக்கு 9 வோல்ட் பற்றரி. வேலை முடிந்ததும் அதைக் கழற்றி வையுங்கள். நம்ம ஊர் ஈரத்தில் ஆறு மாதம் உள்ளேயே கிடந்தால் கசிந்து முனைகள் பச்சை பிடித்துவிடும். பற்றரி இறங்கினால் விளக்குகள் மங்கும், நல்ல கேபிளையும் பழுதென்று நினைத்து வெட்டிவிடுவீர்கள்.

செருகுவதற்கு முன்

கேபிளின் இரண்டு முனையும் வேறு எதிலும் மாட்டியிருக்கக் கூடாது. ரவுட்டர், சுவிட்ச், கேமரா, போன் எல்லாவற்றிலிருந்தும் கழற்றுங்கள். டெலிபோன் லைனில் சும்மா இருக்கும்போதே சுமார் 48 வோல்ட் ஓடும். மணி அடிக்கும் நேரத்தில் அது 70, 90 வோல்ட் ஏ.சி. வரை ஏறும். என் முதல் டெஸ்டரை நான் இப்படித்தான் பலி கொடுத்தேன். உயிரோடிருந்த லைனில் செருகி வைத்திருக்க, யாரோ அந்த நம்பருக்குப் போன் எடுத்தார்கள். அதற்குப் பிறகு அந்தப் பெட்டியில் ஒரு விளக்கும் எரியவில்லை. நெட்வொர்க் கேபிள் வழியாகவே கரண்ட் எடுக்கிற சிசிடிவி கேமராக்களிலும் இதே கவனம் வேண்டும்.

இன்னொன்று: டெலிபோன் பிளக்கை ஆர்ஜே45 துளைக்குள் செருகாதீர்கள். போகும், ஆனால் ஓரத்து ஊசிகளை நசுக்கிவிடும்.

முதலில் ஒரு சின்ன வயர்

நன்றாக வேலை செய்கிற குட்டிக் கேபிள் ஒன்றை எடுங்கள். ஒரு முனை பெரிய பெட்டியில், மறு முனை சிறியதில். 'டிக்' என்ற சத்தம் கேட்கும்வரை அழுத்துங்கள். சுவிட்சைப் போட்டால் விளக்குகள் ஒன்று, இரண்டு, மூன்று என்று ஓடும். வேகமாக ஓடினால் 'எஸ்' என்ற பக்கம் தள்ளுங்கள், நிதானமாகும். நான் எப்போதும் 'எஸ்'ஸில்தான் வைக்கிறேன்.

கண் சிறிய பெட்டியில் இருக்கட்டும். பெரியதில் 1 எரியும்போது சிறியதிலும் 1, 2 எரியும்போது 2. எட்டு வரை இப்படியே வந்தால் சரி. இந்த ஓட்டத்தை நாலைந்து தரம் பார்த்து மனதில் பதியுங்கள், அப்புறம் பழுது தானாகக் கண்ணில் குத்தும்.

சிறியதில் ஒரு எண் எரியாமல் தாண்டினால் அந்தக் கம்பி அறுந்திருக்கிறது, அல்லது பிளக்கின் பல் அதில் இறங்கவில்லை. 4, 5, 7, 8 இவற்றில் ஒன்று மட்டும் போனால் பெரும்பாலும் நெட் வரும், ஆனால் 100 எம்பிபிஎஸ்ஸோடு நின்றுவிடும். அந்த வேகத்துக்கு 1, 2, 3, 6 போதும், ஜிகாபிட்டுக்குத்தான் (1000 எம்பிபிஎஸ்) எட்டும் வேண்டும். பெரியதில் 1 எரிய, சிறியதில் 3 எரிந்தால் கம்பிகள் இடம் மாறியிருக்கின்றன. வரிசை 3, 6, 1, 4, 5, 2, 7, 8 என்று வந்தால் ஒரு முனையை 'ஏ' முறையிலும் மறு முனையை 'பி' முறையிலும் அடித்திருக்கிறீர்கள் (ஏ, பி என்பவை பிளக்குக்குள் கம்பி நிறங்களை அடுக்குகிற இரண்டு வரிசைகள்; அடிப்பது என்றால் கம்பிகளைப் பிளக்குக்குள் நுழைத்து அமுக்கிப் பொருத்துவது). ஒரே நேரத்தில் இரண்டு விளக்கு மங்கலாக எரிந்தால், சில டெஸ்டர்களில் இரண்டுமே எரியாவிட்டால், கம்பிகள் ஒன்றோடொன்று தொடுகின்றன.

டெஸ்டரை ஏமாற்றும் பிழை

இப்போது அந்தத் தம்பியின் கதைக்கு வருவோம். வெட்டுப்பட்ட கேபிளை எடுத்துவிட்டு, புதிதாக ஒன்றை இழுத்து அவரே பிளக் அடித்திருந்தார். எட்டு விளக்கும் வரிசையாக எரிந்தன. பிளக்கைப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, பச்சை, வெள்ளை-நீலம், நீலம், வெள்ளை-பழுப்பு, பழுப்பு. பார்க்க அழகான வரிசைதான், ஆனால் தப்பு.

கேபிளுக்குள் கம்பிகள் ஜோடி ஜோடியாக முறுக்கியிருப்பது சும்மா இல்லை. ஒரு ஜோடியின் சிக்னல் பக்கத்து ஜோடிக்குள் கசியாமல் இருக்கத்தான் அந்த முறுக்கு. 3ஆம் 6ஆம் ஊசிகள் ஒரு ஜோடியாக வேலை செய்பவை, அதனால் அந்த இரண்டுக்கும் ஒரே ஜோடிக் கம்பிகள் போக வேண்டும். தம்பியின் வரிசையில் 3க்கு வெள்ளை-பச்சையும் 6க்கு நீலமும் போயிருந்தன. டெஸ்டருக்கு முறுக்கு தெரியாது, கம்பி முனைக்கு முனை போகிறதா என்று மட்டும்தான் அது பார்க்கும். மூன்று மீட்டரில் இந்தப் பிழை வெளியே தெரியாமல்கூட இருக்கும், 60 மீட்டரில் நெட் தள்ளாடும்.

சரியான 'பி' வரிசை: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. பச்சை ஜோடியைப் பிரித்து நடுவில் நீல ஜோடியை உட்கார வைக்கிறோம், அவ்வளவுதான். பிளக் அடித்ததும் டெஸ்டருக்கு முன்னால் உங்கள் கண் ஒரு தரம் நிறத்தை வாசிக்கட்டும்.

இழுத்து முடித்த கேபிள்

இதற்கு ஆள் இரண்டு வேண்டும். ஒருவர் பெரிய பெட்டியோடு ஆபீசில், மற்றவர் சிறியதோடு மறுமுனையில். சிறிய பெட்டிக்காரர் எரியும் எண்களைச் சத்தமாகச் சொல்ல வேண்டும், விடுபட்ட எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். போனில் சிக்னல் இல்லாத பள்ளங்களில் நாங்கள் கூப்பாடு போட்டே வேலையை முடித்திருக்கிறோம். சுவரில் சாக்கெட் இருந்தால் குட்டிக் கேபிள் இரண்டு தேவைப்படும். அவற்றை முதலில் தனியாகச் சோதியுங்கள், இல்லாவிட்டால் அவற்றின் பழுதைச் சுவருக்குள் தேடுவீர்கள்.

பழுது எந்த இடத்தில் என்பதை இந்த மலிவான பெட்டி சொல்லாது. பத்துக்கு எட்டு தடவை அது பிளக்கில்தான் இருக்கும். சோதனை ஓடும்போதே ஒவ்வொரு முனையையும் மெதுவாக ஆட்டுங்கள். விளக்கு விட்டு விட்டு எரிகிற பக்கத்தை வெட்டி மறுபடி அடியுங்கள். மழை படுகிற முனை இருந்தால் முதல் சந்தேகம் அதன் மேல்தான். அதற்காகவே இரு முனையிலும் ஒரு முழம் மிச்சம் விட்டு இழுப்பது நல்லது.

டெலிபோன் வயர்

இது சுலபம். இரண்டு கம்பி வயர் என்றால் நடுவில் இரண்டு விளக்கு மட்டும் எரியும், நாலு கம்பி என்றால் நாலு. தட்டையான டெலிபோன் வயரில் எண்கள் தலைகீழாக வருவது சகஜம். அதை அப்படியேதான் செய்கிறார்கள், பேச்சுக்குப் பாதிப்பில்லை, வெட்டிவிடாதீர்கள். ஃபைபர் வயருக்கு இந்த டெஸ்டர் உதவாது, அதற்குள் செம்பே இல்லை.

கேபிள் நல்லது, நெட் இல்லை

ஏப்ரல், ஒக்டோபர், நவம்பர் மாதத்து மாலை இடிக்குப் பிறகு இது அடிக்கடி வரும். விளக்கு வரிசையும் சரி, நிறமும் சரி என்றால் ரவுட்டரின் அந்தத் துளை கருகியிருக்கலாம். பிளக்கை அடுத்த துளைக்கு மாற்றிப் பாருங்கள். இடி முழங்கிக்கொண்டிருக்கும்போது மட்டும் வெளியே போகிற கேபிளைத் தொடாதீர்கள். தேத்தண்ணி ஒன்று குடித்துவிட்டு, வானம் வெளுத்த பிறகு போகலாம்.