‘தி கேட் கன்சர்ட்டோ’ முடிவ டேவான் (மண்டபம்) மேடையில போடுறது எப்படி

மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம் எங்க தோட்டத்துல தீபாவளி நைட்டுன்னா பிள்ளைங்களுக்கு எப்பவும் சினிமா பாட்டு டான்ஸ்தான், போன வருசம் ஒரு மாறுதலுக்கு டாம் அண்ட் ஜெர்ரியோட இந்த கடைசி சீன மைமா (பேசாம நடிக்கிறது) போட்டோம். 1947ல வந்தது, ஆஸ்கார் வாங்குன கார்ட்டூன். வசனமே கிடையாது, மேடையில பேச கூச்சப்படுற பிள்ளைங்களுக்கு ரொம்ப நல்லது.

மொதல்ல கதைய சொல்லிடுங்க. டாம் கோட்டு போட்டு பெரிய வித்வான் கணக்கா லிஸ்ட்டுங்குற இசையமைப்பாளரோட ‘ஹங்கேரியன் ராப்சடி’ ரெண்டாம் நம்பர் பியானோவுல வாசிக்குது, பியானோக்குள்ள தூங்குன ஜெர்ரிக்கு தூக்கம் போன கடுப்பு, சண்ட முத்தி கடைசில ஜெர்ரி உள்ள இருக்குற சுத்தியல் ரெண்ட ஒடிச்சி எடுத்து (கட்டைய அமுக்குனா கம்பிய அடிக்குமே, அந்த குட்டி சுத்தியல்) முடிவ அதுவே தட்ட ஆரம்பிச்சிரும், டாம் விடாம கூடவே ஓடும், அப்பாடா முடிஞ்சிதுன்னு நெனைக்கும்போது மறுபடி ஆரம்பிக்கும், அதுவும் ரெண்டு தடவ.

பியானோவுக்கு பிரிட்ஜ் வந்த பெட்டி போதும், கெடாயில (கடையில) கேட்டா சும்மாவே குடுப்பாங்க. சுத்தியலுக்கு மரக்கரண்டி நுனியில பஞ்சு சுத்துங்க. நெசமான கீபோர்டெல்லாம் வேணாம் லா, பாட்ட ஸ்பீக்கர்ல விடுங்க.

உயிரே அந்த பொய் முடிவுலதான் இருக்கு. பாட்டு நிக்கிற எடத்துல டாம் சிரிக்காம, ஒண்ணுமே நடக்காத மாதிரி கோட்ட இழுத்துவிட்டு நாற்காலிய விட்டு பாதி எழும்பணும், சனங்க கை தட்டுவாங்க, தட்டட்டும், அப்பதான் ஜெர்ரி மறுபடி டமால்னு தட்டணும். எங்க டாம் பையன் ரிகர்சல்ல இந்த எடத்துலயே கெக்கெக்கேன்னு சிரிச்சி கெடுத்துட்டான், அவங்க பாட்டி முன்வரிசையில உக்காந்து மொறைச்சாதான் சரியா வந்திச்சி. ரெண்டாவது தடவ சட்ட பாதி கழண்டு முடி கலைஞ்சி இருக்கணும், அப்புறம் பொத்துன்னு விழலாம்.

நடிக்கிற பிள்ளைங்கள விட லைட்டு புடிக்கிறவருக்குத்தான் ரிகர்சல் அதிகம் வேணும். கைதட்டு வரும்போது மத்த லைட்ட அணைச்சிட்டு வெளிச்சம் டாம் பக்கம் போகவே கூடாது, பெட்டி மேல நிக்கிற ஜெர்ரி மேல மட்டும் விழணும், ஜெர்ரி மெதுவா குனிஞ்சி கும்புடணும், அவசரப்படக்கூடாது. எங்க அண்ணன் பாசத்துல மகன் மேலயே டார்ச் அடிச்சிட்டாரு, அவன்தான் டாம், சிரிப்பு அத்தோட போச்சி.

பெட்டிக்குள்ள ஒரு ஸ்டூல் போட்டு வைங்க, ஜெர்ரி ஏறி நிக்கணும்ல. பக்கத்துல காத்துக்கு ரெண்டு ஓட்டையும் போடுங்க, உள்ள இருக்குற பிள்ளைக்கு பயங்கரமா வேர்க்கும்.