பழைய கார் தண்ணீர் குடிக்கிறதா? எஞ்சினைக் கழற்ற முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் வெள்ளவத்தை ஒழுங்கையில் இரவில் நிற்கும் கார்களில் பல, அவற்றை இப்போது ஓட்டும் பிள்ளைகளை விட வயதில் மூத்தவை. 110 கொரல்லா, எஃப்பி 14 நிசான் சனி, பழைய லான்சர். 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 தொடக்கத்தில்தான் மீண்டும் திறந்தது. திறந்த பிறகும் புதியதை வாங்க எல்லோராலும் முடியாது. கையில் இருப்பதைப் பேணித்தான் ஆகவேண்டும். இந்தக் கார்களைப் பற்றி ஆட்கள் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான்: "கார் தண்ணி குடிக்குது, கீழே ஒரு சொட்டும் இல்லை. எங்கே போகுது?"

அதாவது, எஞ்சினைக் குளிர்விக்கும் ரேடியேற்றர் தண்ணீர் குறைந்துகொண்டே போகிறது. எங்கே என்பது இரண்டாவது கேள்வி. எப்போது, எவ்வளவு குறைகிறது என்பதுதான் முதல் கேள்வி. அதைக் கேட்காமல் விட்டதால் நான் தேவையில்லாமல் ஒரு ஹெட் காஸ்கட் (எஞ்சின் பிளாக்குக்கும் அதன் மேல்பகுதியான ஹெட்டுக்கும் இடையில் உள்ள அடைப்புத் தகடு) மாற்றினேன். அந்தச் செலவு இன்னொருவருக்கு வரக்கூடாது.

அளக்காமல் ஊற்றுவது

மூன்று மாதம், ஞாயிற்றுக்கிழமை தோறும் பொனட்டைத் திறந்து போத்தல் தண்ணீரை ஊற்றி மூடினேன். எவ்வளவு ஊற்றினேன், அந்த வாரம் எங்கெங்கே ஓடினேன் என்று எதையும் குறிக்கவில்லை. கராஜில் கேட்டபோது "அடிக்கடி குறையுது" என்ற ஒரு சொல்தான் என்னிடம் இருந்தது. அதை வைத்து யாரால் என்ன கண்டுபிடிக்க முடியும்?

செய்ய வேண்டியது இதுதான். காலையில், எஞ்சின் முழுதாக ஆறிய பிறகு, ரேடியேற்றர் மூடியைத் திறந்து கழுத்து வரை நிரப்புங்கள். பக்கத்தில் உள்ள ரிசர்வ் போத்தலின் மட்டத்தை மார்க்கரால் கோடிடுங்கள். கிலோமீற்றரை எழுதி வையுங்கள். ஒரு வாரம் கழித்து அதே நேரத்தில், அதே இடத்தில் நிறுத்திப் பாருங்கள். சூடான எஞ்சினில் இதைச் செய்யவே கூடாது. உள்ளே நூறு பாகைக்கு மேல் சூடேறிய தண்ணீர் அழுத்தத்தால்தான் கொதிக்காமல் இருக்கிறது. மூடியைத் தளர்த்திய கணமே அது ஆவியாகி முகத்தில் அடிக்கும். துணியைப் போட்டுத் திறப்பதும் காப்பாற்றாது.

குறிப்பு கையில் இருந்தால் கார் தானே பேசத் தொடங்கும். மாலை காலி வீதி நெரிசலில் குறைகிறது, தெற்கு அதிவேகப் பாதையில் மாத்தறை வரை போய் வந்தாலும் குறைவதில்லை என்றால் முதலில் மின்விசிறியைப் பாருங்கள். ஓடும்போது எதிர்க்காற்று ரேடியேற்றரைக் குளிர்விக்கும். நிற்கும்போது ஃபேன் ஒன்றுதான் துணை. அது சுற்றாவிட்டால் தண்ணீர் கொதித்து, மூடியைத் தள்ளிக்கொண்டு ரிசர்வ் போத்தல் வழியாக வெளியேறும். எங்கும் ஓட்டை இல்லாமலே தண்ணீர் போய்விடும். கொழும்பில் பிரச்சினை இல்லை, கண்டிக்குப் போகும்போது கடுகண்ணாவை ஏற்றத்தில்தான் குறைகிறது என்றால், பாரம் ஏறும்போது தெரிகிற கோளாறு: ரேடியேற்றர் உள்ளே அடைத்திருக்கலாம், ஹெட் காஸ்கட்டாகவும் இருக்கலாம். ஓட்டாமல் வைத்தாலும் விடியும்போது குறைந்திருந்தால் ஹோஸ் கிளிப்புகளைப் பாருங்கள். இறப்பர் குளிர்ந்து சுருங்கும்போது மட்டும் கசிகிற இணைப்புகள் உண்டு.

ரிசர்வ் போத்தலை மட்டும் நம்புவது

போத்தல் நிறைந்திருக்கும், ரேடியேற்றர் வெறுமையாக இருக்கும். இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ரேடியேற்றர் மூடியில் இரண்டு வால்வுகள். ஒன்று சூட்டில் விரியும் தண்ணீரைப் போத்தலுக்கு விடுவது. மற்றது ஆறும்போது அதைத் திரும்ப உள்ளே இழுப்பது. இரண்டாவது வால்வு ஒட்டிக்கொண்டாலோ, இடையில் போகும் சிறு குழாய் வெடித்திருந்தாலோ தண்ணீர் திரும்பி வராது; காற்றுத்தான் உள்ளே போகும். மூடியைக் கழற்றி அடியில் உள்ள இறப்பர் வளையத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கழுத்தின் விளிம்பு பதிந்து பள்ளமாகியிருந்தால், விரலால் அமுக்கும்போது வெடிப்புத் தெரிந்தால், மாற்றிவிடுங்கள். இந்த முழு விடயத்திலும் மிகக் குறைந்த செலவு அதுதான்.

உதிரிப்பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தையில் மூடி வாங்கும்போது அளவு சரி என்று மட்டும் பார்த்து வாங்கிவிடாதீர்கள். தலையில் 0.9 அல்லது 1.1 என்று அழுத்தம் பொறித்திருக்கும். உங்கள் காருக்கு உரிய எண் இருக்க வேண்டும். 0.9 மூடி ஒழுங்காகப் பிடித்தால் வெறும் தண்ணீர்கூட 118 பாகை அளவில்தான் கொதிக்கும். ஸ்பிரிங் தளர்ந்த மூடியில் நூறுக்குக் கொஞ்சம் மேலேயே கொதித்துவிடும். கூடிய எண் உள்ளதைப் போட்டால், பழைய ஹோஸ்களும் பிளாஸ்டிக் தொட்டிகளும் அந்தக் கூடுதல் அழுத்தத்தைத் தாங்க வேண்டி வரும்.

மீற்றரில் ஊசி நடுவில் நிற்கிறது, ஆகவே தண்ணீர் இருக்கிறது என்று நினைப்பதும் ஆபத்து. சூட்டை அளக்கும் சென்சர் தண்ணீரில் மூழ்கியிருந்தால்தான் சரியாகக் காட்டும். மட்டம் அதற்குக் கீழே இறங்கிவிட்டால், எஞ்சின் வேகும்போதும் ஊசி அமைதியாகக் கிடக்கும்.

கீழே விழும் தண்ணீர்

கொழும்பின் ஈரக்காற்றில் ஏசி போட்ட கார் நிறையவே சொட்டும். அதைக் கண்டு பயப்படுகிறவர்களும் உண்டு. உண்மையான லீக்கை "அது ஏசித் தண்ணி" என்று விட்டுவிடுகிறவர்களும் உண்டு. இரவில் காருக்கு அடியில் ஒரு காட்போட் மட்டையை விரித்து வையுங்கள். ஏசித் தண்ணீர் நிறமில்லாமல் காய்ந்துவிடும். ரேடியேற்றர் தண்ணீரில் கலக்கும் நிறத் திரவமான கூலன்ட் பச்சை அல்லது சிவப்புக் கறையாக நிற்கும், விரலில் வழுவழுக்கும். நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டாம், அது நஞ்சு. காருக்குள்ளே கால்விரிப்பு நனைந்து, இனிப்பு மணத்தோடு முன்கண்ணாடி பிசுபிசுத்தால் கசிவது ஹீற்றர் கோர்தான், காருக்குள் சூடேற்றும் சிறு ரேடியேற்றர். நாம் ஹீற்றரே போடுவதில்லை என்பதால் அது அங்கே இருப்பதையே மறந்துவிடுகிறோம். அதற்குள்ளும் தண்ணீர் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

நேராக ஹெட் காஸ்கட்டுக்குப் பாய்வது

நான் போன கராஜில் ஒயில் மூடியைக் கழற்றி அடியில் காட்டினார்கள். மோர் போல ஒரு படிவு. "ஹெட் காஸ்கட் போயிட்டுது" என்றார்கள். நானும் நம்பினேன். ஹெட்டைக் கழற்றி, சீவி, புதுக் காஸ்கட் போட்டு, ஒரு வாரம் கழித்துக் கார் வந்தது. பத்து நாளில் மட்டம் மறுபடி இறங்கியிருந்தது.

அந்த மோர்ப் படிவு வெள்ளவத்தைக்கும் பம்பலப்பிட்டிக்கும் இடையில் மட்டும் ஓடும் காரில் சாதாரணமாக வரக்கூடியது. எஞ்சின் முழுச் சூட்டுக்கு வரும் முன்னே நிறுத்திவிடுவதால், உள்ளே இருக்கும் ஈரம் மூடியின் அடியில் படிந்து ஒயிலோடு கலக்கிறது. ஒயில் மட்டம் பார்க்கும் டிப்ஸ்டிக் கம்பியில் ஒயில் சுத்தமாக இருக்கிறதா என்று அன்று நானும் பார்க்கவில்லை, அவர்களும் பார்க்கவில்லை.

பிறகு கொட்டாஞ்சேனையில் ஒரு வயதான மெக்கானிக் பாஸிடம் போனேன். "தம்பி, முதல்ல ஆறட்டும்" என்றார். ஆறிய பிறகு ரேடியேற்றர் மூடியின் இடத்தில் கைப்பம்பு ஒன்றைப் பொருத்தி 0.9 வரை அடித்தார். அடித்துவிட்டு ஒன்றும் செய்யாமல் ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து நிமிடம் ஊசி அசையவில்லை. பிறகு ஒரு மயிரிழை இறங்கியது. டோர்ச்சை எடுத்து, ரேடியேற்றரின் மேல் பிளாஸ்டிக் தொட்டியும் அலுமினியமும் சேரும் ஓரத்தில் பிடித்தார். வியர்த்தது போல ஒரு ஈரம். அதன் கீழே, காய்ந்த உப்பைப் போல வெளிறிய பச்சைப் பொருக்கு. அழுத்தம் ஏறினால் மட்டும் திறக்கிற வெடிப்பு. கசிந்தது சூடான ரேடியேற்றரிலேயே காய்ந்துவிட்டதால் நிலத்துக்கு ஒரு சொட்டும் வரவில்லை. மூன்று மாதமாகக் கீழே தேடிய எனக்கு அந்தப் பொருக்கு கண்ணில் படவே இல்லை.

ஆகவே எதையும் கழற்ற முன் அழுத்தச் சோதனையைக் கேளுங்கள். மூடியையும் அதே பம்பில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வோட்டர் பம்பின் அடியில் உள்ள சிறு துவாரத்தில் கறை இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே சீல் தேய்ந்தால் அதன் வழியாகத்தான் கசியும். சில எஞ்சின்களில் பம்ப் டைமிங் பெல்ட் மூடிக்குப் பின்னால் இருப்பதால் வெளியே தெரியாது.

அழுத்தம் இறங்குகிறது, வெளியே எங்கும் ஈரமில்லை என்றால் அப்போது ஹெட் காஸ்கட்டைச் சந்தேகிக்கலாம். ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல்லாக இறுகுகிறதா? குளிர்ந்த நிலையில் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்தால் குமிழிகள் நிற்காமல் வருகின்றனவா? ரேடியேற்றர் கழுத்தில் வைத்துப் பார்க்கும் நீல நிறத் திரவச் சோதனை ஒன்று உண்டு. புகைவாயு தண்ணீரில் கலந்திருந்தால் நீலம் மஞ்சளாகும். அது தெளிவான சாட்சி. நுவரெலியாக் குளிரில் காலையில் வரும் வெள்ளைப் புகை சாட்சியல்ல. ஒயில் சுத்தமாக இருப்பதால் காஸ்கட் நன்றாக இருக்கிறது என்றும் முடிவெடுக்க முடியாது; ஒயில் கலக்காமலும் அது போகும்.

மறைக்கும் வைத்தியங்கள்

"நம்ம நாட்டுச் சூட்டுக்குத் தேர்மோஸ்டாட் தேவையில்லை" என்று, எஞ்சின் சூடேறும் வரை தண்ணீரை ரேடியேற்றருக்கு விடாமல் தடுக்கும் அந்த வால்வைக் கழற்றி எறிவது இங்கே பரவலான பழக்கம். சில எஞ்சின்களில் அதைக் கழற்றினால் சூடான தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேற்றருக்குப் போகாமலே சுற்றும். சூடு குறைவதற்குப் பதில் கூடும். லீக்கை அடைக்கும் பொடியும் அப்படித்தான். ஓட்டை எது, ரேடியேற்றரின் மெல்லிய குழாய் எது என்று அதற்குத் தெரியாது. வழியில் மாட்டிக்கொண்டால் வீடு வந்து சேர மட்டும் போடலாம்.

யாழ்ப்பாணம் போய் வரும் கார்களுக்கு ஒரு சொல். அங்கே சுண்ணாம்புக் கல்லில் ஊறிய கிணற்றுத் தண்ணீர், கேத்திலின் அடியில் படிவது போலவே ரேடியேற்றருக்குள்ளும் படியும். பயணத்துக்கு ஒரு போத்தல் கலந்த கூலன்டைக் காரில் வையுங்கள். இங்கே தண்ணீர் உறையாது, உறையாமல் காக்கும் கூலன்ட் எதற்கு என்று கேட்பார்கள். துருவைத் தடுப்பதும் கொதிநிலையைக் கூட்டுவதும் அதே கூலன்ட்தான்.

திருத்திய பிறகு முதல் ஓரிரு நாள் மட்டம் கொஞ்சம் இறங்கினால் பதற வேண்டாம். உள்ளே அகப்பட்ட காற்று வெளியேறுகிறது. ஆறிய பிறகு நிரப்பி, மறுபடி கோடிட்டுப் பாருங்கள். வடித்த பழைய கூலன்டைச் சட்டியில் திறந்து வைக்காதீர்கள், கானிலும் ஊற்றாதீர்கள். அது இனிக்கும், ஒழுங்கையில் திரியும் நாயும் பூனையும் நக்கும், கொஞ்சமே போதும் அவற்றின் சிறுநீரகம் போய்விட. போத்தலில் இறுக மூடி, கழிவு ஒயில் சேர்க்கும் கராஜில் கொடுத்துவிடுங்கள்.