திடீர்க் கல்லீரல் செயலிழப்பு: ஐசியூவில் முதல் 24 மணி நேரம்

முதலில் பெயரைச் சரியாக வைத்துக்கொள்வோம். ஈரல் செல்லிலிருந்து இரத்தத்தில் கசியும் ஏஎல்டி என்ற நொதி ஆயிரக்கணக்கில் ஏறினால் ஈரல் அடிபட்டிருக்கிறது, அவ்வளவுதான். முன்பு ஈரல் நோயே இல்லாத ஒருவருக்கு இரத்தம் உறையத் தாமதமாவதைக் காட்டும் ஐஎன்ஆர் 1.5க்குப் போய், கூடவே புத்தியும் தடுமாறினால்தான் அது செயலிழப்பு. ஏஎல்டி இறங்கும்போது ஐஎன்ஆர் ஏறினால் சந்தோஷப்பட எதுவும் இல்லை. கசிவதற்குச் செல்களே மிச்சமில்லை என்று பொருள்.

கோலாலம்பூரில் இவர்கள் வரும் வழிகள் தெரிந்தவைதான்: பனடோல் (பாரசிட்டமால்) மிஞ்சியது, ஹெபடைடிஸ் பி திடீரென்று கிளர்ந்தது, கடும் டிங்கி, லேபிள் இல்லாத புட்டியில் வாங்கிய நாட்டு மருந்து. வீட்டில் இருக்கும் எல்லா மருந்தையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவரச் சொல்லுங்கள். காலி அட்டைகளையும் சேர்த்துத்தான். 500 மில்லிகிராம் மாத்திரை பத்து உள்ள ஓர் அட்டை 5 கிராம், ஒரு நாள் உச்ச அளவோ 4 கிராம். கிளினிக்கில் கொடுத்த காய்ச்சல் மாத்திரையும் வீட்டுப் பனடோலும் ஒரே மருந்து என்பது பலருக்குத் தெரியாது. மூன்று நாள் சிறுகச் சிறுக விழுங்கியவருக்கு இரத்தத்தில் பாரசிட்டமால் அளவு ஒன்றுமில்லை என்றுகூட வரலாம். அதை நம்பி முறிவு மருந்தான என்-அசிட்டைல்சிஸ்டைனை நிறுத்திவைக்கக் கூடாது.

அடுத்தது மூளை. இங்கேதான் தமிழ் தெரிந்த மிஸ்ஸிக்கும் (தாதிக்கும்) டாக்டருக்கும் வேலை அதிகம். செந்தூலிலிருந்து வந்த பாட்டியிடம் மலாயில் "நாமா அபா?" (பெயர் என்ன?) என்று கேட்டு, அவர் விழித்துப் பார்த்தால் "குழப்பம்" என்று சார்ட்டில் எழுதிவிடுகிறார்கள். தமிழில் கேளுங்கள்: இன்றைக்கு என்ன கிழமை, பேரப்பிள்ளைகள் எத்தனை பேர், இருபதிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். காதுக் கருவியும் கண்ணாடியும் போட்டிருக்கிறாரா என்று பார்த்துவிட்டுக் கேளுங்கள். எரிச்சல், இரவு பகல் மாறிய தூக்கம், கணக்கில் தடுமாற்றம் என்றால் முதல் நிலை. கிழமை தவறி, கையும் உதறினால் இரண்டாம் நிலை. உதறலைப் பார்க்க, கைகளை நீட்டி, மணிக்கட்டை மேல்பக்கம் மடக்கி, விரல்களை விரித்து அரை நிமிடம் பிடிக்கச் சொல்லுங்கள். தட்டினால் மட்டும் விழித்துக் குழறினால் மூன்று, எழுப்பவே முடியாவிட்டால் நான்கு. மூன்றாம் நிலை வந்ததும் மூச்சுக்குழாய்க்குள் குழாய் போட்டு வெண்டிலேட்டரில் வைத்துவிட வேண்டும். ஒவ்வொரு மணி நேரமும் அதே கேள்விகள், முடிந்தால் அதே ஆள். கத்துகிறார் என்று தூக்க மருந்தான மிடாசோலம் கொடுத்தால் அடுத்த நிலை வந்தது நமக்கே தெரியாமல் போகும்.

ஈரல் கழிக்காமல் விட்டு மூளையைக் கெடுக்கும் அம்மோனியாவை அளக்க இரத்தம் எடுப்பதில் நடக்கும் தவறுகள் நோயைவிட அதிகக் குழப்பம் தரும். கட்டுப்பட்டையை இறுக்காமல், கையை முஷ்டி பிடிக்கச் சொல்லாமல், முடிந்தால் தமனிக் குழாயிலிருந்து ஊதா மூடிக் குழலில் எடுத்து, உடனே பனிக்கட்டியில் வைத்து, 15 நிமிடத்துக்குள் லேபில் சேர்க்க வேண்டும். கவுண்டரில் அரை மணி நேரம் கிடந்த குழல் பொய்யாக உயர்ந்த எண்ணைத் தரும். உண்மையிலேயே லிட்டருக்கு 150 மைக்ரோமோலுக்கு மேல் நின்றால் மூளை வீங்கும் அபாயம் உண்டு.

என்-அசிட்டைல்சிஸ்டைனை 60 கிலோ ஆளுக்குக் கணக்குப் போடுவோம். முதல் பையில் கிலோவுக்கு 150 மில்லிகிராம், அதாவது 9 கிராம், 200 மி.லி. 5% டெக்ஸ்ட்ரோஸில் ஒரு மணி நேரம். இரண்டாவதில் கிலோவுக்கு 50, 3 கிராம், 500 மி.லி.யில் நான்கு மணி நேரம். மூன்றாவதில் கிலோவுக்கு 100, 6 கிராம், ஒரு லிட்டரில் பதினாறு மணி நேரம். ஒரு மி.லி.யில் 200 மில்லிகிராம் உள்ள மருந்தானால் முறையே 45, 15, 30 மி.லி. முகம் சிவப்பதும் மூச்சிரைப்பதும் பெரும்பாலும் முதல் பையில்தான். நிறுத்தி, ஒவ்வாமை ஊசி போட்டு, அடங்கியதும் மெதுவாகத் திரும்பத் தொடங்கலாம். அதோடு மருந்தைக் கைவிட வேண்டியதில்லை. 21 மணி நேரம் முடிந்தும் ஐஎன்ஆர் இறங்காவிட்டால் மூன்றாம் பையின் வேகத்திலேயே தொடரும். பனடோல் காரணமில்லாதவருக்கும், முதல் இரண்டு நிலைகளில் இருந்தால், பலன் உண்டு. ஒன்றை மறக்கக் கூடாது: இந்த மூன்று பைகளிலும் 1.7 லிட்டர் டெக்ஸ்ட்ரோஸ் நீர் உள்ளே போகிறது. சோடியம் சரியும், மூளை வீங்கும். ஆறு மணி நேரத்துக்கொரு முறை சோடியம் பாருங்கள்.

சர்க்கரை மணிக்கொரு முறை. நோய்ப்பட்ட ஈரல் சர்க்கரையைச் சேமித்துவைக்காது. குழாய் போட்டவர் வியர்த்துப் படபடப்பதை யாரும் கவனிக்கவும் மாட்டார்கள். சோடியத்தைக் கெடுக்காமலிருக்க, சென்ட்ரல் லைன் (பெரிய நாளத்தில் போட்ட குழாய்) வழியாகக் கெட்டியான டெக்ஸ்ட்ரோஸைக் கொஞ்சமாகக் கொடுப்பது மேல்.

இப்போது அதிகம் சண்டை வரும் விஷயம். ஐஎன்ஆர் 5 என்று வந்ததும் உறையவைக்கும் பொருள்கள் உள்ள பிளாஸ்மா கேட்டு பிளட் பேங்குக்கு ஃபோன் போகும். இரத்தக் கசிவோ பெரிய செய்முறையோ இல்லாதபோது கொடுக்காதீர்கள். ஈரல் தேறுகிறதா சாகிறதா என்று சொல்ல நமக்கு இருக்கும் நல்ல அளவுகோல் அந்த எண்தான். அதை அழித்துவிட்டால் மாற்று ஈரல் வேண்டுமா என்ற கேள்விக்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. வைட்டமின் கே 10 மில்லிகிராம் மட்டும் போதும். குடும்பம் கேட்பது "மஞ்சள் இறங்கிடுச்சா?" என்றுதான். நாம் பார்ப்பது மஞ்சளை அல்ல என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

மூன்றாம் நிலைக்குப் பிறகு தலைப்பக்கம் 30 டிகிரி, கழுத்து நேராக, குழாயைக் கட்டும் நாடா கழுத்து நாளத்தை நெருக்காமல். சோடியம் 145க்கும் 150க்கும் இடையில். சளி உறிஞ்சுவது, புரட்டுவது குறைவாக. கண்பாவை ஒரு பக்கம் விரிந்தால் மூளை வீக்கத்தைக் குறைக்கும் 20% மானிட்டால் 150 மி.லி.யை 20 நிமிடத்தில். ஐசியூக் குளிரில் மானிட்டால் புட்டியில் ஊசி ஊசியாகப் படிகம் கட்டியிருக்கும். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, இருந்தால் சூடாக்கிக் கரைத்து, உடல் சூட்டுக்கு ஆறவிட்டு, வடிகட்டியோடு ஏற்ற வேண்டும்.

சிறுநீர் ஓடுகிறதே என்று டயாலிசிஸைத் தள்ளிப்போடாதீர்கள். அம்மோனியாவுக்காகவே தொடங்கலாம், 24 மணி நேரமும் மெதுவாக ஓடும் வகையாக. நான்கு மணி நேர வகை மூளைக்குள் நீர் தள்ளும். டயாலிசிஸ் கருவியில் இரத்தம் உறையாமலிருக்கச் சிட்ரேட் ஓடினால் மொத்தக் கால்சியத்தை அயனிக் கால்சியத்தால் வகுத்துப் பாருங்கள். 2.5ஐத் தாண்டினால் ஈரலால் சிட்ரேட்டைச் சமாளிக்க முடியவில்லை.

செலாயாங் மருத்துவமனை ஈரல் பிரிவுக்கு ஃபோன் அடிப்பதை நிலை முற்றும்வரை வைத்திருக்க வேண்டாம். தடுமாற்றம் தொடங்கிய அன்றே அடியுங்கள். பனடோல் நோயாளிக்குத் திரவம் போதுமான அளவு கொடுத்த பின்னும் தமனி இரத்தத்தின் பிஹெச் (அமில அளவு) 7.30க்குக் கீழே நின்றால், மாற்று ஈரலை யோசிக்க அது ஒன்றே போதும். இல்லையென்றால் ஐஎன்ஆர் 6.5க்கு மேல், சிறுநீரகத்தைக் காட்டும் கிரியாட்டினின் லிட்டருக்கு 300 மைக்ரோமோலுக்கு மேல், மூன்றாம் நான்காம் நிலைத் தடுமாற்றம் மூன்றும் ஒரே நாளுக்குள் சேர்வது கெட்ட அறிகுறி. சாயங்கால எம்ஆர்ஆர்2 வட்டச்சாலை நெரிசலில் ஆம்புலன்ஸுக்குள் குழாய் போட வேண்டிவரும் ஆளை, கிளம்பும் முன்பே போட்டு அனுப்புங்கள். மானிட்டால் ஒரு புட்டியும் 50% டெக்ஸ்ட்ரோஸும் கூடப் போகட்டும்.

சம்சு (மலிவுச் சாராயம்) குடித்துப் பல வருடமாக ஈரல் சுருங்கியவர் வேறு கணக்கு. அவருக்கு மலமிளக்கியான லாக்டுலோஸ், ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை இளகி வெளியே போகும் அளவுக்கு. பத்து தடவை போனால் நீர் வற்றித் தடுமாற்றம் கூடும். வயிற்று நீரை அன்றே எடுத்து அனுப்புங்கள். அதில் நியூட்ரோஃபில் (வெள்ளணு) ஒரு கன மில்லிமீட்டருக்கு 250க்கு மேல் என்றால், கிருமித் தொற்றுக்கு ஆன்டிபயாட்டிக்கோடு அல்புமின் முதல் நாள் கிலோவுக்கு 1.5 கிராம், மூன்றாம் நாள் 1 கிராம். சிறுநீரகமும் சரிந்து, இரத்தக் குழாய்களை இறுக்கும் டெர்லிப்ரெஸின் போடுவதானால் முதலில் ஆக்சிஜன் அளவைப் பாருங்கள். 90%க்குக் கீழே இருந்தால் தொடங்கக் கூடாது. தொடங்கிய பின் ஒவ்வொரு ஷிப்டிலும் விரல் நுனிகளையும் கால் விரல்களையும் தொட்டு, நீலம் பாய்ந்திருக்கிறதா என்று பார்த்து எழுதிவைக்க வேண்டும்.