பழைய காரின் ஏசி: கேஸ் நிரப்புவதற்கு முன்னும் பின்னும்

காரின் ஏசியில் ஓடும் கேஸ் பெட்ரோலைப் போல எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்களுக்குள் அது திரவமாகவும் ஆவியாகவும் மாறி மாறிச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ரப்பர் ஹோஸ்கள் வழியாகவும் கேஸை அழுத்திச் சுற்றவைக்கும் கம்ப்ரசரின் தண்டுச் சீல் வழியாகவும் ஆண்டுக்கு ஆண்டு சிறிதளவு வெளியேறுவது பழைய கார்களில் இயல்புதான். ஆனால் ஒரே ஆண்டில் குளிர்ச்சி நின்றுபோகும் அளவுக்குக் குறைந்தால், எங்கோ ஒழுகல் இருக்கிறது. வேலூரில் நான் ஓட்டும் 2004-ஆம் ஆண்டுச் சிறிய காருக்குத் தொடர்ந்து மூன்று சித்திரை மாதங்களில் "கேஸ் இல்லை" என்று ஒரு பட்டறையில் நிரப்பித் தந்தார்கள். நான்காம் ஆண்டில் நானே உட்கார்ந்து தேடியபோது, கேஸ் ஏற்றும் முனையின் உள்ளே இருக்கும் சிறு ஊசி வால்வில் சோப்பு நுரை கடுகளவு பொங்கி, உடைந்து, மீண்டும் பொங்கியது. அந்த முனைக்கு மூடியும் இல்லை. ஆகவே இந்த விளக்கத்தில் கேஸ் நிரப்புவது கடைசியில்தான் வருகிறது.

படி 1: காசு செலவில்லாத சோதனைகள்

புளோயரை முழு வேகத்தில் வைத்துக் காற்று போதுமான அளவு வருகிறதா என்று பாருங்கள். காற்றே குறைவாக வந்தால், ஃபில்டர் உள்ள கார்களில் அதுவும், அது இல்லாத பழைய கார்களில் டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலும் தூசியால் அடைபட்டிருக்கக்கூடும். அடுத்து ஏசி சுவிட்சைப் போடும்போது கம்ப்ரசரின் முன்பக்கக் கிளட்ச் 'டக்' என்ற ஒலியுடன் ஒட்டிச் சுழல வேண்டும். ஒட்டவில்லையென்றால் ஃப்யூஸ், ரிலே, பிரஷர் சுவிட்ச் ஆகியவற்றை மல்டிமீட்டரால் சோதிக்க வேண்டும். கேஸ் மிகவும் குறைந்துவிட்டால் பிரஷர் சுவிட்சே கிளட்சைத் தடுத்துவிடும். அந்தச் சுவிட்சின் இரண்டு வயர்களையும் இணைத்துக் கம்ப்ரசரை ஓட வைக்கும் வழக்கம் பலரிடம் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கம்ப்ரசருக்கு வேண்டிய ஆயில் கேஸுடன் கலந்துதான் சுற்றிவருகிறது என்பதால், கேஸ் இல்லாமல் ஓடும் கம்ப்ரசர் விரைவில் இறுகிச் சுழலாமல் நின்றுவிடும்.

வெப்பநாடுகளில் பலர் கவனிக்காத இடம் ஹீட்டர். ஹீட்டர் வால்வு முழுமையாக மூடாமல் இருந்தால், என்ஜினின் கொதிநீர் உள்ளே ஓடி, ஏசி குளிர்வித்த காற்றை மீண்டும் சூடாக்கிக்கொண்டிருக்கும். என்ஜின் ஆறியிருக்கும்போது ஹீட்டருக்குப் போகும் ஹோஸைத் துணி சுற்றிய கிளாம்பால் மென்மையாக நெருக்கிவிட்டு, பிறகு வண்டியை ஓட்டிப் பாருங்கள். குளிர்ச்சி கூடினால் கோளாறு ஏசியில் இல்லை.

படி 2: கண்டென்சரும் ஃபேனும்

பழைய காரில் பெரும்பாலான குறைகள் இங்கேதான் இருக்கின்றன என்பது என் அனுபவம். காருக்குள்ளிருந்து எடுத்த வெப்பத்தை வெளியே தள்ளுவது, ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டென்சரின் வேலை. அந்த வேலை நடக்காவிட்டால் எவ்வளவு கேஸ் நிரப்பினாலும் பயனில்லை. வண்டி ஓடும்போது குளிர்ந்து, சிக்னலில் நின்றதும் வெப்பக்காற்று வந்தால், முதலில் சந்தேகிக்க வேண்டியது ஃபேனைத்தான்.

ஏசி ஓடும்போது, கண்டென்சரின் முன்பக்கத்தில் ஒரு செய்தித்தாளை மெதுவாக வையுங்கள். ஃபேன் என்ஜின் பக்கமாகக் காற்றை இழுத்தால் தாள் கண்டென்சரில் ஒட்டிக்கொண்டு நிற்கும். நழுவி விழுந்தால் ஃபேன் பலமிழந்துள்ளது. தாள் வெளியே தள்ளப்பட்டால், மோட்டார் மாற்றிய யாரோ வயர்களைத் தலைகீழாக இணைத்திருக்கிறார்கள்; இதை நான் ஒருமுறை நேரில் கண்டிருக்கிறேன். கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையில் இலவம்பஞ்சும், பூச்சியும், மண்ணும் கம்பளி போல அடைந்திருக்கும் என்பதால், என்ஜின் பக்கமிருந்து வெளிப்புறமாகச் சாதாரணக் குழாய்நீரைப் பாய்ச்சிக் கழுவ வேண்டும். அழுத்தமான வாட்டர் சர்வீஸ் துப்பாக்கி மெல்லிய தகடுகளை மடக்கிவிடும்.

இதற்குப் பிறகு ஒரு வாளி நீரை, ஏசி ஓடிக்கொண்டிருக்கும்போதே கண்டென்சர் மேல் மெல்ல ஊற்றிப் பாருங்கள். உள்ளே வரும் காற்று உடனே நன்றாகக் குளிர்ந்தால், கேஸ் சுற்றுகிறது, கம்ப்ரசரும் வேலை செய்கிறது, வெப்பத்தை வெளியேற்றுவதில்தான் குறை என்று அறியலாம்.

படி 3: கேஜ் செட் சொல்லும் கதை

கேஸ் ஏற்றும் முனைகளில் இணைத்து அழுத்தத்தை அளக்கும் கேஜ் செட்டில், நீல டயல் தாழ்ந்த அழுத்தமுள்ள லோ சைடையும் சிவப்பு டயல் உயர்ந்த அழுத்தமுள்ள ஹை சைடையும் காட்டும். பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் அணியாமல் இதைத் தொட வேண்டாம். திரவக் கேஸ் தோலில் பட்டால் உறைகாயம் ஏற்படும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

சில மணி நேரம் நிழலில் நின்று ஆறிய காரில், ஓட்டாமலே அளந்தால் இரண்டு டயல்களும் ஒரே அளவைக் காட்டும். ஆர் 134ஏ என்ற வகைக் கேஸ் உள்ள காரில், 30 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஏறத்தாழ 97 பி.எஸ்.ஐ. (அழுத்தத்தின் அலகு), 35 டிகிரியில் 114 பி.எஸ்.ஐ. இருக்க வேண்டும். 40, 50 என்று காட்டினால் உள்ளே திரவமே இல்லை. அளவு சரியாக இருந்தாலும் கேஸ் முழுமையாக இருக்கிறது என்று முடிவு செய்யக் கூடாது; ஒரு கரண்டி திரவம் மிஞ்சியிருந்தாலும் டயல் இதே அளவைத்தான் காட்டும். இதைவிடக் கணிசமாகக் கூடுதலாக இருந்தால் உள்ளே காற்றோ கலப்படக் கேஸோ புகுந்துள்ளது.

பிறகு ஏசியைப் போட்டு, என்ஜினை நிமிடத்துக்குச் சுமார் 1500 சுழற்சியில் ஓடவிட்டு, புளோயரை முழு வேகத்தில் வைத்து மீண்டும் பாருங்கள். 35 டிகிரி வெப்பத்தில் லோ சைடு 25 முதல் 40 வரையும், ஹை சைடு 200 முதல் 250 வரையும் இருந்தால் நலம். இரண்டும் குறைந்திருந்தால் கேஸ் குறைவு. இரண்டும் கூடியிருந்தால் ஃபேன், கண்டென்சர் அல்லது அளவுக்கு மீறிய கேஸ். லோ சைடு ஏறியும் ஹை சைடு இறங்கியும் ஒன்றையொன்று நெருங்கினால் கம்ப்ரசர் தளர்ந்துவிட்டது. லோ சைடு பூஜ்யத்துக்கும் கீழே போனால், கூலிங் காயிலுக்குள் கேஸை அளவாக விடும் எக்ஸ்பான்ஷன் வால்வில் ஈரமோ தூளோ அடைத்திருக்கிறது.

படி 4: ஒழுகலைக் கண்டுபிடித்தல்

கேஸ் வெளியேறும் இடத்தில் ஆயிலும் சிறிது கசிந்து, அதன்மேல் தூசி படிந்து, கறுத்த பிசுக்காக நிற்கும். ஹோஸ் இணைப்புகள், கண்டென்சரின் கல்லடி படும் கீழ் விளிம்பு, கம்ப்ரசர் கிளட்சின் பின்புறம், கேஸ் ஏற்றும் முனைகள் ஆகியவற்றில் அந்தப் பிசுக்கைத் தேடிவிட்டு, சந்தேகமான இடத்தில் சோப்பு நீரைத் தூரிகையால் தடவிப் பொறுமையாகப் பாருங்கள். கூலிங் காயில் ஒழுகினால் டேஷ்போர்டைக் கழற்ற வேண்டியிருக்கும் என்பதால், மற்ற எல்லா இடங்களையும் விலக்கிய பிறகே அந்த முடிவுக்கு வரலாம். முழுக்கக் காலியான காருக்கு, பட்டறையில் நைட்ரஜனைச் சுமார் 150 பி.எஸ்.ஐ. வரை ரெகுலேட்டர் வழியாக ஏற்றிச் சோதிப்பது சிறந்தது. ஆக்சிஜன் சிலிண்டரை எக்காரணம் கொண்டும் இணைக்கக் கூடாது. ஆயிலும் ஆக்சிஜனும் அழுத்தத்தில் சேர்ந்தால் வெடிக்கும். ஒழுகலை அடைப்பதாகச் சொல்லி விற்கும் திரவங்களும் வேண்டாம். அவை பின்னர் வால்வுகளையும் பட்டறை மெஷினையும் அடைத்துவிடுகின்றன.

படி 5: பிரித்துப் பழுது நீக்குதல்

குழாய்களில் கேஸ் மிஞ்சியிருந்தால் அதைக் காற்றில் திறந்துவிடாமல், கேஸை உறிஞ்சிச் சேமிக்கும் ரிகவரி மெஷின் உள்ள பட்டறையில் எடுத்துவிடுங்கள். நூறு ஆண்டுக் கணக்கில், எடைக்கு எடை கார்பன் டை ஆக்சைடைப் போல ஆயிரம் மடங்குக்கும் மேல் பூமியைச் சூடாக்கக்கூடிய வாயு அது. அலுமினிய இணைப்புகளை எப்போதும் இரண்டு ஸ்பேனர்களைக் கொண்டே கழற்ற வேண்டும். ஒன்றால் பிடித்து மற்றொன்றால் திருப்பாவிட்டால் குழாயே முறுக்கிக்கொள்ளும். திறந்த ஒவ்வொரு இணைப்பிலும் ஏசிக்கென்றே விற்கும் புதிய ஓ-ரிங்கை (ரப்பர் வளையத்தை), ஆயில் தடவிப் பொருத்துங்கள். தண்ணீர்க் குழாய் ஓ-ரிங் இதற்கு உதவாது.

சிஸ்டத்தைத் திறந்தால் டிரையரையும் மாற்ற வேண்டும். அதனுள் இருக்கும் மணிகள் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் என்பதால், புதிய டிரையரின் மூடிகளைக் கடைசி நிமிடத்தில்தான் கழற்ற வேண்டும். ஆயில் எந்த வகை என்பது கம்ப்ரசரின் லேபிளில் இருக்கும். வேறு வகையைக் கலக்காதீர்கள். 1990-களின் தொடக்கத்தில் வந்த ஆர் 12 என்ற பழைய வகைக் கேஸ் உள்ள கார்களை ஆர் 134ஏ-க்கு மாற்றும் வேலை தனிப்பட்டது: ஓ-ரிங், டிரையர், ஆயில் வகை, முனைகள் ஆகியவற்றுடன், நம் வெயிலுக்குக் கண்டென்சரையும் பெரும்பாலும் மாற்ற வேண்டிவரும் என்பதால், தொடக்கநிலையினர் அதைத் தவிர்ப்பது நல்லது.

படி 6: வேக்யூம்

குழாய்களுக்குள் தங்கிய ஈரம் தாழ்ந்த அழுத்தத்தில்தான் ஆவியாகி வெளியேறும். 30 டிகிரி வெப்பத்தில் நீர் கொதிக்க, உள்ளழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தில் ஏறத்தாழ இருபத்தைந்தில் ஒரு பங்காகக் குறைய வேண்டும். குழாய்களிலிருந்து காற்றை உறிஞ்சும் வேக்யூம் பம்பை 45 நிமிடம் ஓடவிட்டு, கேஜ் செட்டின் வால்வுகளை மூடி, அரை மணி நேரம் காத்திருங்கள். முள் அசையாமல் நின்றால் தொடரலாம்.

படி 7: எடை பார்த்து நிரப்புதல்

பானட்டின் உள்ளே ஒட்டப்பட்ட லேபிளில் எத்தனை கிராம் என்று இருக்கும். சிறிய கார்களுக்கு அது பெரும்பாலும் 400 முதல் 600 வரை. கேஸ் கேனைச் சமையலறை டிஜிட்டல் தராசில் நிறுத்தி, ஹோஸில் உள்ள காற்றை ஒரு கணம் வெளியேற்றிய பின், என்ஜினையும் ஏசியையும் ஓடவிட்டு, லோ சைடு வழியாக மட்டும் சிறிது சிறிதாக ஏற்றுங்கள். கேன் நிமிர்ந்தே இருக்க வேண்டும். கவிழ்த்தால் திரவம் கம்ப்ரசருக்குள் புகுந்து அதைக் கெடுக்கும். என்ஜின் ஓடும்போது சிவப்பு வால்வைத் திறந்தால் ஹை சைடின் அழுத்தம் கேனுக்குள் பாய்ந்து அது வெடிக்கக்கூடும். கேன் மந்தமானால் வெதுவெதுப்பான நீரில் வைக்கலாம், நெருப்பைக் காட்டக் கூடாது.

"கொஞ்சம் கூடப் போட்டால் இன்னும் ஜில்லென்று இருக்கும்" என்பார்கள். கூடுதல் திரவம் கண்டென்சரில் தேங்கி, வெப்பம் வெளியேறும் பரப்பைக் குறைத்து, அழுத்தத்தை ஏற்றிவிடும் என்பதால் நடப்பது நேர்மாறானது. கேஸ் ஓடுவதைப் பார்க்கக் குழாயில் வைத்திருக்கும் கண்ணாடித் துளையில் குமிழ் மறையும்வரை நிரப்பும் பழைய முறையும் ஆர் 134ஏ-யில் ஏமாற்றும்.

முனைகளின் மூடிகளை மறக்காமல் போட்ட பின், டேஷ்போர்டின் நடுவில் காற்று வரும் துளையில் தெர்மாமீட்டரைச் செருகி, உட்காற்றுச் சுழற்சியில் பத்து நிமிடம் வண்டியை ஓட்டுங்கள். 35 டிகிரி வெயிலில் 8 முதல் 12 டிகிரிக்குள் இறங்கி, வண்டியின் அடியில் நீர் சொட்டினால் வேலை முடிந்தது. நிரப்பிய கிராமையும் தேதியையும் ஒரு தாளில் எழுதிப் பானட்டின் உட்புறம் ஒட்டிவிடுங்கள். அடுத்த சித்திரையில் யாராவது "கேஸ் இல்லை" என்றால், அந்தத் தாளைக் காட்டிப் பேசலாம்.